கடல் மீனுக்கு ஏழு வாரத் தனிமை: வீவக வீட்டில் செய்யும் முறை

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டடித் தொட்டி ஒன்று இருக்கிறது. மணல் இல்லை, பாறை இல்லை, விளக்குகூட இல்லை. அடியில் நான்கு பிவிசி குழாய்த் துண்டுகள், மூலையில் குமிழி விடும் ஒரு பஞ்சு ஃபில்டர், அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் அம்மா அதைக் காட்டி, "அது அவன் மீனுக்கு ஆஸ்பத்திரி" என்பார். பாதி சரி. நோயாளி வந்தால் ஆஸ்பத்திரி. மற்ற நாளில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி மாதிரி. யாராக இருந்தாலும் அங்கே நின்றுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு வருமுன் நான் கொடுத்த விலை, 25 வெள்ளிக்கு வாங்கிய ஒரு கிளவுன்ஃபிஷ். கடையில் துறுதுறுவென்று நீந்தியது, கண்ணெதிரே தீனி தின்றது. நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். மூன்றாம் நாள் காலையில் அங்கிருந்த நீல டாங் மீன் பம்ப்பின் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தைக் கொடுத்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. நீரோட்டத்தில் விளையாடுகிறது என்று நினைத்தேன். ஒன்பது நாளில் எட்டு மீன்களில் ஏழு போய்விட்டன. காரணம், ஒரு ஒட்டுண்ணி நோய்: வெல்வெட். அந்த மூன்றாம் நாள் காலையில் எனக்கு மருந்து தேவைப்படவில்லை. பார்க்கத் தெரிந்திருந்தால் போதும். ஆகவே இந்த வழிகாட்டியில் மருந்தைவிடப் பார்ப்பதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

கடையில் தொடங்குங்கள்

சிங்கப்பூரில் விற்கும் கடல் மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் பக்கமிருந்து நிறைய வருகின்றன. "பக்கத்து நாடுதானே, புதுசாக வருகிறது" என்று சிலர் சொல்வார்கள். தூரம் பிரச்சினை இல்லை. பிடித்தவர், சேர்த்து வைத்தவர், ஏற்றுமதி செய்தவர், இறக்குமதி செய்தவர், கடைக்காரர் என்று எத்தனை கை மாறுகிறதோ, அத்தனை தொட்டித் தண்ணீரில் அந்த மீன் குளித்திருக்கிறது. பல கடைகளில் வரிசையாக உள்ள தொட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபில்டர், ஒரே தண்ணீர். அதனால் நீங்கள் வாங்கும் மீனை மட்டும் பார்த்தால் போதாது. மேல் வரிசையில் ஒரு மீன் செத்துக் கிடந்தால் கீழ் வரிசை மீனையும் வாங்காதீர்கள்.

மீன் கடைகள் இருக்கும் சிராங்கூன் நார்த் பக்கம் சனிக்கிழமை மாலை கூட்டத்தில் போனால் நிதானமாகப் பார்க்க முடியாது. வார நாளில் போங்கள். தொட்டி முன் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அப்புறம் தீனி போடச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். மீன் எந்தத் தீனியை எடுக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு கேள்வி: "அண்ணே, இந்தத் தண்ணியோட உப்பு எவ்வளவு?" இது ஏன் என்று பிறகு சொல்கிறேன். இறக்குமதியாகி ஒன்றிரண்டு நாளே ஆன மீனை நான் வாங்குவதில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்துக்கொள்வேன். பயண அலுப்பில் சாக வேண்டிய மீன் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

தொட்டியை அமைத்தல்

அளவு: சின்ன மீன்களுக்கு இரண்டடி, அதாவது 60 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். கையளவு டாங்குக்கு மூன்றடி வேண்டும்.

இடம்: பெரிய தொட்டியிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி. வெல்வெட் கிருமி தெறிக்கும் நுண்ணிய நீர்த்துளியில்கூடப் பயணம் செய்யும். நாலறை வீட்டில் வரவேற்பறைக்கும் சமையலறைப் பின்பக்கத்துக்கும் அந்த இடைவெளி கிடைத்துவிடும். சிலர் வெடிகுண்டுப் புகலிட அறையில் வைக்கிறார்கள். அமைதியான இடம்தான், ஆனால் காற்றோட்டம் இல்லாததால் தண்ணீர் சூடேறும். சலவை இயந்திரத்துக்குப் பக்கம் வைத்தால் ப்ளீச், தரை கழுவும் திரவம் எதையும் அங்கே தெளிக்காதீர்கள். இதை வீட்டுப் பணிப்பெண்ணிடமும் அம்மாவிடமும் வாயால் சொன்னால் போதாது, தாளில் எழுதி ஒட்டுங்கள்.

அடியில் மணல் போடாதீர்கள். உயிர்ப்பாறையும் பவள மணலும் பின்னால் கொடுக்கப்போகும் செம்பு மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு ஊற்றினாலும் அளவு நிற்காது. ஒளிந்துகொள்ள ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிவிசி முழங்கைத் துண்டுகள் போதும். மணலில் புதைந்து தூங்கும் ராஸ் வகைக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா மணல் வையுங்கள். மூடி கட்டாயம். ராஸ் குதிக்காது என்று நம்பிய ஒருவர் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் கருவாடு எடுத்திருக்கிறார். நான்தான்.

ஃபில்டர்தான் எல்லாரும் கோட்டைவிடும் இடம். புதுப் பஞ்சில் நல்ல பாக்டீரியா இருக்காது. மீன் போட்ட மூன்றாம் நாள் அமோனியா ஏறிவிடும். அப்போது மீன் வேகமாக மூச்சு வாங்கும். நீங்கள் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவீர்கள், நிலைமை இன்னும் மோசமாகும். பஞ்சை மூன்று நான்கு வாரத்துக்கு முன்பே பெரிய தொட்டியின் சம்ப்பில் (நீரை வடிகட்டும் துணைத்தொட்டியில்) போட்டு ஊற வையுங்கள்.

தண்ணீர், சூடு, கொசு

நம் குழாய் நீரில் இருப்பது குளோராமின். வாளியில் ஒரு இரவு வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்ற ஊர்க் கைவைத்தியம் இங்கே பலிக்காது. உப்புக் கரைப்பதற்கு முன் ப்ரைம் போன்ற மருந்தால் முறியடிக்க வேண்டும், அல்லது ஆர்ஓ தண்ணீர் பயன்படுத்த வேண்டும். ஒரு எச்சரிக்கை: செம்பு மருந்து இருக்கும் தொட்டியில் நேரடியாக ப்ரைம் ஊற்றாதீர்கள். அது செம்பை இன்னும் கடுமையான நச்சாக மாற்றிவிடும்.

ஏசி போடாத வீட்டில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தொடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. செவுளில் நோயுள்ள மீனுக்கு அதுவே தூக்குக்கயிறு. சில்லர் வாங்கத் தேவையில்லை. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன விசிறியை அடிக்க விட்டால் ஓரிரு டிகிரி இறங்கும். 26 முதல் 28 வரை இருந்தால் போதும். விசிறி ஓடினால் நீர் ஆவியாகி உப்பு ஏறும், தினமும் நன்னீர் சேர்க்க வேண்டும். அந்த நன்னீர் வாளியை இறுக மூடி வையுங்கள். தேசியச் சுற்றுப்புற அமைப்பு அதிகாரி வீட்டுக்கு வந்து கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கும் நாளில் மீன் வளர்ப்பைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

வந்த நாள்

கடைத் தண்ணீரின் உப்பளவு கேட்டோமே, அதற்கு இப்போது வேலை. பல கடைகளில் உப்புச் செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணியைக் கொஞ்சம் அடக்கவும் அடர்த்தியை 1.018, 1.020 என்று தாழ்வாக வைத்திருப்பார்கள். வீட்டில் நாம் வைப்பது 1.025. உப்பு குறைந்த நீருக்கு மீன் சட்டென்று பழகும். கூடிய நீருக்கு அப்படியில்லை. எனவே தனித்தொட்டியைக் கடையின் அளவுக்கே இறக்கி வையுங்கள். பையை 15 முதல் 20 நிமிடம் மிதக்க விட்டு, சூடு சமமானதும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. அப்புறம் நாளுக்கு 0.002 வீதம் உப்பை ஏற்றிக்கொண்டு போகலாம்.

அன்று அறை விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு நாள்: தின்ன வையுங்கள், எண்ணுங்கள்

தின்னாத மீனுக்கு மருந்து கொடுப்பது வெறும் வயிற்றில் பேதி மாத்திரை கொடுப்பது மாதிரி. முதல் வேலை சாப்பாடு. மைசிஸ் இறால் பெரும்பாலான மீன்களுக்குப் பிடிக்கும். டாங்குகளுக்கு நோரி என்ற உலர்ந்த கடற்பாசி; ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் சூஷி சுற்றும் வெறும் நோரி வாங்குங்கள், எண்ணெயும் உப்பும் போட்ட நொறுக்குத்தீனி நோரி அல்ல. முரண்டு பிடிக்கும் காப்பர்பேண்ட் மீனுக்கு ஈரச்சந்தையில் வாங்கிய லாலாவை (சிப்பி வகை) உறைய வைத்து, பிளந்து, ஓட்டோடு போடுங்கள். ஓட்டுக்குள் மூக்கை விட்டுக் கொத்துவது அதன் இயல்பு; துகள் தீனியைத் திரும்பிப் பார்க்காத மீன்கூட இதற்கு வந்துவிடும்.

இரண்டாம் நாள், மீன் அமைதியாக இருக்கும்போது, ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை செவுள் மூடி அசைகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். எல்லா மீனுக்கும் பொதுவான எண் கிடையாது, அந்த மீனின் எண் அந்த மீனுக்கு. நாளைக்கு அது ஒன்றரை மடங்கானால், உடம்பில் ஒரு புள்ளி இல்லாவிட்டாலும் ஏதோ நடக்கிறது. தினமும் அதே நேரத்தில், தீனி போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் எண்ணிப் பாருங்கள், போட்ட பின் ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். என் குறிப்பேட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரிதான்: மூச்சு, தீனி, மலம், அமோனியா.

நோயை எப்படிப் பிரித்தறிவது

ரவையா, விபூதியா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். உடம்பிலும் துடுப்பிலும் ரவை ஒட்டினாற்போல், ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடிய வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் இக், கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. எண்ண முடியாத அளவுக்கு நுண்ணியதாக, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் விபூதி பூசியதுபோல், சில நேரம் லேசான பொன்னிறத்தில் தெரிந்தால் வெல்வெட், அமிலூடினியம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் பெயர் வித்தியாசம் இல்லை. இக் என்றால் யோசிக்க உங்களுக்குச் சில நாள் இருக்கும், வெல்வெட் என்றால் சில மணி நேரம்தான். வெல்வெட் முதலில் செவுளைப் பிடிப்பதால் தோலில் தூசி தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். முந்திய அறிகுறிகள் நடத்தையில் உள்ளவை: வேக மூச்சு, பம்ப்பின் ஓட்டத்தில் முகம் கொடுத்து நிற்பது, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குவது, தீனியைத் திடீரென்று மறப்பது. நான் விளையாட்டு என்று நினைத்தது இதைத்தான்.

இக் விஷயத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பொட்டு வந்தது, பூண்டுத் தண்ணீரில் தீனியை ஊற வைத்தேன், ஐந்தே நாளில் போய்விட்டது என்பார்கள். பூண்டு எதையும் செய்யவில்லை. அந்த ஒட்டுண்ணி மூன்று முதல் ஏழு நாள் மீன்மேல் தின்றுவிட்டுத் தானாகவே உதிர்ந்து, கண்ணாடியிலோ பாறையிலோ முட்டைக்கூடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதற்குள் நூற்றுக்கணக்கில் பெருகி, நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து வெடித்து வரும். முதல் முறை மூன்று பொட்டு இருந்த மீனில் இரண்டாம் முறை முப்பது இருக்கும்.

கிளவுன்ஃபிஷ் உடம்பிலிருந்து கஞ்சித் தோல் உரிவதுபோல் சளி தொங்கினால் புரூக்கிளினெல்லா என்ற ஒட்டுண்ணி. ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும், செம்பு மருந்துக்குக் கேட்காது. நன்னீர்க் குளியல் தற்காலிக ஆசுவாசம் தரும்; உண்மையான மருந்து ஃபார்மலின். அது மனிதருக்கும் கெடுதலானது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. காற்றோட்டமும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். என்னைக் கேட்டால், மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போவதே மேல்.

பச்சை க்ரோமிஸ் விலாவில் அடிபட்டதுபோல் சிவந்த புண் இருந்தால் யூரோனீமா என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். உள்ளே இறங்கிவிட்டால் காப்பாற்றுவது கடினம். மலிவாகக் கிடைக்கிறதென்று பத்து க்ரோமிஸ் வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தலையை உதறுவது, குழாயில் உடம்பைத் தேய்ப்பது, ஒரு பக்கச் செவுளால் மட்டும் மூச்சு விடுவது, கண் மங்குவது: இவை செவுள், தோல் புழுக்களின் அடையாளம். உறுதி செய்ய எளிய வழி நன்னீர்க் குளியல். குளோராமின் நீக்கி, சூடும் பிஎச் அளவும் தொட்டியோடு பொருந்தச் செய்து, குமிழி விட்ட நன்னீரில் ஐந்து நிமிடம். கறுப்பு வாளியாக இருந்தால் நல்லது. கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த புழுக்கள் வெள்ளையாக மாறி எள் உதிர்ந்ததுபோல் அடியில் கிடக்கும். மீன் முதலில் சாய்ந்து படுத்துக்கொள்ளும், பதற வேண்டாம். மூச்சு நின்றதுபோல் தெரிந்தாலோ துடிதுடித்தாலோ உடனே திருப்பி விடுங்கள்.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி முடிச்சு இருந்தால் லிம்ஃபோசிஸ்டிஸ், ஒரு வைரஸ். நல்ல சாப்பாட்டில் பெரும்பாலும் தானே போகும். ஒரு கண் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் எங்கோ இடித்துக்கொண்டது. இரண்டு கண்ணும் என்றால் பாக்டீரியாவை யோசியுங்கள். இரவில் விளக்கைப் போட்டதும் மீன் வெளிறி, திட்டுத்திட்டாக இருந்தால் அது அதன் தூக்க உடுப்பு. இரவு இரண்டு மணிக்கு அதைப் படம் எடுத்து நண்பர்களை எழுப்பிய பாவம் எனக்கு உண்டு.

வெள்ளை நூல் போன்ற மலம் தொடர்ந்து வந்தால் குடல் புழு அல்லது பட்டினி. தின்றும் மெலிகிற மீனென்றால் பெரும்பாலும் புழு.

மருந்து: எந்த வரிசையில்

நன்றாகத் தின்னும் மீனுக்கு, நோய் தெரியாவிட்டாலும், நான் செம்பு கொடுக்கிறேன். இக், வெல்வெட் இரண்டையும் அது பிடிக்கும். எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. பார்த்துக்கொண்டே இருந்து, அறிகுறி வந்தால் மட்டும் மருந்து என்பவர்களும் அனுபவசாலிகள்தான். ஆனால் அலுவலகம் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புபவர் வெல்வெட்டைச் சமயத்தில் பிடிப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

செம்பில் இரண்டு ஜாதி. கீலேட் வகைக்கு இலக்கு 2.0 முதல் 2.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). குப்ராமின் வகைக்கு 0.5 மட்டுமே. புட்டியை மாற்றிப் படித்து 0.5 வகையை 2.5 வரை ஏற்றினால் மீன் அன்றே செத்துவிடும். கீலேட் வகையை நாளுக்கு 0.5 வீதம் ஐந்து நாளில் ஏற்றுங்கள். ராஸ், ஏஞ்சல் மீன்களுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். தீனியை மறுத்தால் ஏற்றுவதை நிறுத்தி அதே அளவில் வையுங்கள். வெல்வெட் உறுதி என்றால் மட்டும் இந்த நிதானம் கூடாது: நன்னீர்க் குளியல் கொடுத்து, ஓரிரு நாளுக்குள் முழு அளவுக்கு ஏற்ற வேண்டும்.

அளவுக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். நடுவில் ஒரு நாள் செம்பின் அளவு குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. கோவிட் காலத்தில் 14 நாள் தனிமை நமக்கெல்லாம் மனப்பாடம். மீனுக்கு அது போதாது. நிறம் பார்த்துச் சொல்லும் சோதனைக் குப்பிகளை இதற்கு நம்பாதீர்கள். ஹன்னாவின் செம்பு அளக்கும் மின்கருவி விலை கூடியதுதான். ஒரு டாங்கின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீர் மாற்றும்போது புது நீரிலும் அதே அளவு செம்பைக் கலந்துவிட்டு ஊற்றுங்கள். அமோனியா 0.25 தொட்டால் பாதி நீரை மாற்றுங்கள்.

மாண்டரின், குழாய்மீன், விலாங்கு, சுறா, திருக்கை இவற்றுக்குச் செம்பு வேண்டாம். இறால், நத்தை, பவளம் இருக்கும் தொட்டியில் ஒரு துளிகூடக் கூடாது.

செம்பு முடிந்ததும் நீரை மாற்றி, கார்பன் போட்டு மிச்சச் செம்பை நீக்கிவிட்டு, புழுவுக்குப் பிராசிகுவாண்டல்: லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். முட்டைகளை அது கொல்லாது என்பதால் ஒரு வாரத்தில் இன்னொரு முறை. இந்த மருந்து போட்ட பிறகு நீர் மங்கி ஆக்சிஜன் குறையும். காற்றுப் பம்ப்பைக் கூட்டி வையுங்கள். பிறகு ஒரு வாரம் எந்த மருந்தும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருங்கள். மொத்தம் ஏழு வாரம் சொச்சம். ஆன்டிபயாடிக்கை மட்டும் நண்பர் சொன்னார் என்று போடாதீர்கள், அது மருத்துவர் எழுதித் தர வேண்டியது.

பெரிய தொட்டியில் ஏற்கெனவே நோய் வந்துவிட்டால்

எல்லா மீனையும் வெளியே எடுத்துச் சிகிச்சை செய்யுங்கள். பெரிய தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் விடுங்கள். பவளமும் நத்தையும் அதிலேயே இருக்கலாம். நீரைச் சூடாக வைத்து இதைவிடக் குறைவான நாளில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் குறைப்பதில்லை. புதிதாக வாங்கும் பவளக்கல், நத்தை ஓடு இவற்றிலும் இக்கின் கூடு ஒட்டி வரும் என்பதால் அவற்றுக்கும் மீனில்லாத தனித்தொட்டி வேண்டும். வேண்டாத மீனைக் கிழக்குக் கடற்கரையில் கொண்டுபோய் விடுவது மட்டும் கூடாது. கடலுக்கும் கேடு, சட்டப்படி குற்றமும்கூட.

குடியேறும் நாள்

இரண்டு தொட்டிகளின் உப்பும் சூடும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வலையை விடப் பிளாஸ்டிக் டப்பாவில் பிடிப்பது நல்லது, சளிப்படலம் உரியாது. தனித்தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டும் பெரிய தொட்டிக்குப் போக வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு, புது மீனைத் துளையிட்ட பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்தால், பழைய டாங் முறைத்துப் பார்த்து ஓய்ந்துவிடும்.

செம்பு பட்ட பஞ்சு, வலை, வாளி எதுவும் இனிப் பெரிய தொட்டிப் பக்கம் வரக்கூடாது. நான் எல்லாவற்றிலும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். தனித்தொட்டியைக் கழுவி, வெயிலில் காய வைத்து, கொசு வராமல் கவிழ்த்து வைப்பேன். அடுத்த மீன் எதுவென்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அதற்கான புதுப் பஞ்சு போன வாரமே சம்ப்புக்குள் போய்விட்டது.